வாசலில் உட்கார வைத்தவள்

எழுபதுகளில் செங்கல்பட்டு மருத்துவமனை ஒன்றில், குழந்தைகளை விளையாட விட்டு மனக்காயம் ஆற்றும் வேலை எனக்கு. பெற்றோர் வெளியேதான் இருக்க வேண்டும் என்பது நானே போட்ட சட்டம்.

கடப்பாக்கத்தில் மீன் விற்கும் ஒருத்தி வாராவாரம் தன் ஆறு வயது மகளைக் கூட்டி வருவாள். கடலுக்குப் போன அப்பா திரும்பாததிலிருந்து அந்தக் குழந்தை பேசவில்லை. களிமண்ணை நீளநீளமாக உருட்டி, வரிசையாக அடுக்கி, ஈரத்துணியால் மூடிவிட்டு என்னையே பார்ப்பாள். அப்பாவைப் புதைக்கிறாள் என்று நோட்டில் எழுதினேன். "ரொம்ப அழகா இருக்கு" என்பேன். முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஐந்து மாதம் இப்படியே போனது.

ஒருநாள் வராந்தாவில் மழைச் சாரல் அடித்ததால், வேறு வழியில்லாமல் தாயை உள்ளே விட்டேன். அவள் துணியை விலக்கி, ஓர் உருளையை எடுத்து, செவுளைத் திறந்து பார்ப்பதுபோல் விரலால் நெம்பி மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாம்மே, நேத்து மீனாட்டம் கீதே?"

"இல்ல! இப்பதான் கரைக்கு வந்துச்சி!" என்று குழந்தை கத்தினாள்.

ஐந்து மாதமாக அவள் கடை விரித்துக் காத்திருந்திருக்கிறாள். குறை சொல்லி வாங்க ஆளில்லை. அப்படி வாங்கத் தெரிந்த ஒரே ஆளை நான் வாசலில் உட்கார வைத்திருந்தேன். சட்டம் என்று சொன்னதெல்லாம் பொய். அந்தத் தாயின் மீன்கூடை வாடை எனக்குப் பிடிக்கவில்லை.