ஓட்டை விழுந்தால் மட்டும்

கண்ணாடிக்காரரை எல்லோரும் ‘மெதுவாண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னல் கண்ணாடியை மாடிக்கு ஏற்றும்போது எதிர்முனையைப் பிடித்திருப்பவரிடம் “மெதுவா, மெதுவா” என்று சொல்லிச் சொல்லியே ஒட்டிக்கொண்ட பெயர் அது. வயது ஐம்பத்து மூன்று. உள்ளங்கைகளில் ரேகைகளைவிடத் தழும்புகள்தான் அதிகம். முப்பது வருஷம் வாடகை வண்டிகளில் சரக்கு ஏற்றி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், ஒருவழியாகச் சொந்தமாக ஒரு வெள்ளைப் பிக்கப் வாங்கினார். பின்பக்கத்தில் மரச்சட்டம் அடித்துப் பழைய கம்பளியைச் சுற்றிக் கட்டினார்.

இரண்டே கால் வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மனைவி ஈரத்துணியால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டிரைவர் பக்கக் கதவின் அடியோரத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே துரு.

“என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க. புது வண்டி எதுக்கு இப்படி உரியுது?”

அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். மறுபக்கக் கதவிலும் அதே கதைதான். சக்கரத்துக்கு மேலேயும் லேசாகப் பிடித்திருந்தது. வெகுநேரம் அவர் எழுந்திருக்கவில்லை.

“முட்டி பிடிச்சிக்கிச்சா?”

“இல்ல. எந்திரிச்சு என்ன பண்றதுன்னு யோசிக்கிறேன்.”

துருவுக்கு ஐந்து வருஷ வாரண்டி என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை நம்பி சர்வீஸ் சென்டருக்குப் போனார். கவுன்ட்டர் அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டு, “ஹெட் ஆபீசுக்கு அனுப்பறோம் சார், கூப்பிடுவாங்க” என்றார். யாரும் கூப்பிடவில்லை. இரண்டாம் தடவை போனபோது போட்டோ தெளிவாக இல்லை என்றார்கள். மூன்றாம் தடவை, பார்வையிட வேண்டியவர் லீவு. காத்திருக்கும் அறையில் சத்தமில்லாமல் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. என்ன ஓடுகிறது என்றுகூடத் தெரியாமல் அதையே வெறித்துவிட்டு வந்து, வீட்டில் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுவார்.

“ஒரு தடவையாவது சத்தம் போட்டீங்களா?” என்றார் மனைவி.

“கண்ணாடி தூக்கறவன் சத்தம் போட்டா கை ஆடும்.”

“அங்க கையில கண்ணாடியா வச்சிருந்தீங்க?”

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். நான்காம் தடவை மனைவியும் கூடவே கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு ஹெட் ஆபீஸ் பதில் வந்திருந்தது. அதிகாரி வாசித்துக் காட்டினார். மேலாகப் பிடித்த துருவுக்கு வாரண்டி கிடையாது. உள்ளேயிருந்து அரித்துத் தகட்டில் ஓட்டை விழுந்தால் மட்டும்தான் உண்டு.

“அப்ப ஓட்டை விழற வரைக்கும் நாங்க காத்திருக்கணுமா?” என்று கேட்டார் மனைவி.

“ரூல் அப்படிம்மா.”

“நாங்க காத்திருப்போம். வாரண்டி காத்திருக்குமா?”

அதிகாரி காகிதத்தைத் திருப்பி அதன் வெற்றுப் பக்கத்தைப் பார்த்தார்.

இருவரும் வெளியே வந்து வண்டியில் ஏறப்போனபோது, சுவரோரமாக நசுங்கிய தகடு ஒன்றைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்த சர்வீஸ் சென்டர் டிங்கர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கதவின் அடியில் விரலை விட்டுத் தடவினார்.

“அண்ணே, மழை பெஞ்ச அப்புறம் கதவைத் திறந்தா உள்ள தண்ணி சலசலங்குதா?”

“ஆமா. எல்லா வண்டியும் அப்படித்தான்னு நெனச்சேன்.”

“உள்ள இறங்கற தண்ணி வடியறதுக்கு அடியில துளை இருக்கணும். இதுல கம்பெனியிலயே பசையை அப்பி அடைச்சிருக்காங்க. உள்பக்கத்தைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

கண்ணாடிக்காரர் மனைவியோடு திரும்ப உள்ளே போனார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. “கதவு உள்பக்கத்தைக் கழட்டிப் பாருங்க. பாக்கற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”

“இன்னைக்கு ஆள் இல்ல சார். நாளைக்கு வாங்க.”

“பரவாயில்ல. உக்காந்து பழகிடுச்சு.”

காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்தவர்கள். நடுவில் மனைவி அவர் தோளில் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். நாலு மணிக்கு, இவர்கள் இடத்தைக் காலிசெய்ய மாட்டார்கள் என்று தெரிந்துபோய், ஒரு மெக்கானிக்கை அனுப்பினார்கள். உள்பக்கத்தைக் கழற்றி, அடியிலிருந்த பசையைக் கிளறியதும் செந்நிறத் தண்ணீர் கொட்டி அதிகாரியின் ஷூவை நனைத்தது. மெக்கானிக் ஸ்குரூடிரைவரால் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். முனை சத்தமே இல்லாமல் தகட்டைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய் நின்றது.

“இப்ப எழுதிக்கறீங்களா?” என்றார் மனைவி.

எழுதிக்கொண்டார்கள். முப்பத்தெட்டு நாள் கழித்து இரண்டு கதவுகளும் புதிதாக வந்தன. சக்கரத்துக்கு மேலே இருந்தது ‘மேலாகப் பிடித்த துரு’தான் என்று விட்டுவிட்டார்கள். அதை அவரே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்துக்கொண்டார். வண்டியை எடுக்கப் போன அன்றைக்கு டிங்கரைப் பார்த்தார். தலையை மட்டும் அசைத்தார். அவரும் அசைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

வீட்டு வாசலில் மனைவி வண்டியைச் சுற்றி வந்தார். “கதவு வெள்ளை வேற, வண்டி வெள்ளை வேற. கதவு மட்டும் சொட்டு நீலம் போட்ட மாதிரி இருக்கு. மறுபடியும் போய்க் கேப்பமா?”

அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்து, அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“கேக்கலாம். இந்த வருஷம் வேணாம்.”

மனைவி அவரைப் பார்த்தார். பிறகு சுற்றி வந்து ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து கதவை இழுத்தார். புதுக் கதவு ஒரே தடவையில் மூடவில்லை. இரண்டாம் தடவை பலமாக அடித்துச் சாத்தினார்.