கறுப்பு சாக்கெட்

மகளோடு சேத்தூர் போகிற வழியில் கார் டயர் பஞ்சர். கடைக்காரர் சக்கர நட்டுகளைக் கழற்ற ஏர் கன்னை எடுத்ததுமே அதன் முனையில் நட்டைக் கவ்வும் சாக்கெட்டைப் பார்த்தேன். பளபளவென்றிருந்தது. எனக்கு நிலைகொள்ளவில்லை.

ராஜபாளையத்தில் அப்பா லாரிப் பட்டறை வைத்திருந்தார். ஓர் ஆயுத பூஜைக்கு அம்மா பளபளப்பான சாக்கெட்டுகளுக்கு மட்டும் பொட்டு வைத்தாள். "சாமி முன்னால கறுப்பு எதுக்கு?" என்று, கன்னுக்கான கறுப்பு சாக்கெட்டுகளை எங்கோ ஒளித்துவிட்டாள்.

மறுநாள் அவசரத்தில் அப்பா பொட்டு வைத்ததையே கன்னில் மாட்டினார். கையால் திருகுவதற்கான சாக்கெட் அது. கன்னின் அடி தாங்காமல் வெடித்தது. ஒரு சில்லு அம்மாவின் கம்மலைப் பிய்த்துக்கொண்டு பறந்தது.

"ஏட்டி, காது இருக்கா?" என்று அலறினார் அப்பா.

"இருக்கு. கறுப்பை எடுத்துட்டு வாரேன்" என்றாள் அம்மா, ரத்தத்தை முந்தானையால் பொத்தியபடி.

என்னையறியாமல் மகளின் காதுகளைப் பொத்தியிருந்தேன்.

"சத்தத்துக்குப் பயப்படுதா பாப்பா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"இல்லண்ணே. கறுப்பு சாக்கெட்டு வச்சிருக்கீகளா?"