பாம்பை மறக்கடித்த இரும்புக் கம்பி

இரண்டு வருடத்துக்கு முன்னால், தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த ஆவணி மாதம். ஆமத்தூர் பக்கம் நான் வேலை பார்க்கும் பயர் ஆபீஸில் நடந்தது இது. பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

எனக்கு மிருகங்களைக் காட்டும் சேனல் என்றால் உயிர். வீட்டில் எல்லோரும் சீரியல் கேட்டுக் கெஞ்சினாலும் ரிமோட்டைத் தரமாட்டேன். அதில் பாம்பு வந்துவிட்டால் போதும், இசை படபடக்கும், கனத்த குரல் ஒன்று மரணம் நெருங்குகிறது என்று மிரட்டும், உடனே பாம்பு பாயும். பார்த்துப் பார்த்து, கண்ணில் பட்ட ஆளையெல்லாம் பாம்பு துரத்திக் கொத்தும் என்றே நம்பிவிட்டேன்.

அன்று வெடிமருந்து அடைக்கும் அறையில் நானும், எனக்கு மதினி முறையாகும் ஒருத்தியும் மட்டும்தான். தீப்பிடித்தால் ஓடுவதற்காக எங்கள் அறைகளில் நாலு பக்கமும் வாசல் இருக்கும். அதில் ஒன்றின் வழியாக ஒரு நல்லபாம்பு உள்ளே வந்தது. காகிதம் ஒட்டும் பசைமாவுக்கு எலி வரும், எலிக்கு அது வந்திருக்க வேண்டும். மடியில் மருந்துத் தட்டு இருப்பதையே மறந்து, கத்திக்கொண்டே எழப் போனேன்.

மதினி என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். "அசையாத தாயி. மருந்து சிந்துச்சுன்னா ரெண்டு பேரும் போயிருவோம்."

நான் போட்ட சத்தத்தில், பக்கத்துக் குடோனில் லோடு ஏற்ற வந்திருந்த வெளியூர் டிரைவர் லாரியில் கிடந்த இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடி வந்துவிட்டார். அந்தக் கம்பி தரையில் ஒரு தடவை உரசிப் பொறி பறந்தால் அறையே மிஞ்சாது. பாம்பு எனக்குச் சுத்தமாக மறந்துபோனது.

"இரும்போட உள்ள வராதீக அண்ணே" என்று அலறினேன். அவர் பதறிப்போய்க் கம்பியை அங்கேயே வீசப் போனார். "ஐயோ, கீள போட்றாதீக. அப்படியே பிடிச்சுக்கிட்டுப் பின்னாலயே போங்க."

மனுஷன் அதைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு பின்னாலேயே நடந்து போனார். அப்புறம்தான் பாம்பைத் தேடினேன். அது படமெடுக்கவில்லை, சீறவுமில்லை. எங்களைக் கண்டுகொள்ளாமல் சுவரோரமாக ஊர்ந்து, நாங்கள் தப்பிப்பதற்காக வைத்த எதிர் வாசல் வழியாக நிதானமாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

தட்டை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. அப்பாடா என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. "மியூசிக் போடாம வந்துருச்சுல்ல, அதான் ஒனக்கு அம்புட்டுக் குழப்பம்" என்றாள் மதினி.

இப்போதும் அந்தச் சேனலைப் பார்க்கிறேன். கொத்துகிற பாம்பைத்தான் தேடித் தேடிக் காட்டுகிறார்கள். தன் பாட்டுக்குப் போகிற பாம்பை யாரும் காட்டுவதில்லை; நான் இன்று உயிரோடு உட்கார்ந்து டிவி பார்ப்பது, அப்படிப் போன ஒரு பாம்பின் புண்ணியம்.