கச்சானுக்கு முதுகு காட்டிய எஞ்சின்

எண்பதுகளின் நடுவில் கல்முனைக் கரையோரத்தில், ராத்தா என்று நான் கூப்பிடும் அக்காவின் மாப்பிள்ளை வைத்திருந்த ஐஸ் தொழிற்சாலையில் நான் ஜெனரேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவரை நான் மச்சான் என்பேன். அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். ஊர் மின்சாரத்தை நம்பி ஐஸ் உறைய வைக்க முடியாது. எல்லாம் அந்தப் பெரிய டீசல் எஞ்சினின் தயவு.

ஆனி பிறந்தால் மேற்கிலிருந்து வயல்வெளிகளைக் காய்ச்சிக்கொண்டு கச்சான் காற்று வரும். அந்த மாதங்களில் எஞ்சின் டீசலைத் தண்ணீராகக் குடிக்கும், புகையைக் கறுப்பாகக் கக்கும். ரேடியேட்டரைக் கழுவினோம். காற்று வடிகட்டியைத் தட்டித் தட்டித் தூசு போக்கினோம். தகரக் கூரைக்கு மேல் தென்னங்கிடுகு போட்டு நனைத்தோம். எதுவும் பெரிதாக உதவவில்லை.

ஒரு நாள் எஞ்சின் அறைக்குள் நின்றபோது பிடரியில் அனல் அடித்தது. ரேடியேட்டர் மேற்கே பார்த்தபடி இருந்தது. அது வெளியே தள்ளும் சூட்டைக் கச்சான் திரும்ப உள்ளேயே ஊதிக்கொண்டிருந்தது. வெந்த காற்றையே எஞ்சின் மறுபடி மறுபடி இழுத்தது.

"எஞ்சினைத் திருப்பணும் மச்சான். அதுர முகம் கடலப் பாக்கணும்."

அவர் எஞ்சினைத் தாங்கிய சீமெந்துக் கட்டைப் பார்த்தார். "இதையா? யானையைத் திருப்புறாப்போல கதைக்கிறாய்."

ஆனாலும் திருப்பினோம். கிழக்குச் சுவரை இடித்து, புதுக் கட்டுப் போட்டு, அடியில் இரும்புக் குழாய்களை உருட்டிவிட்டோம். கரைவலை இழுக்கிற ஆட்கள் தங்கள் கயிற்றோடு வந்து, "யா அல்லாஹ்" என்று ஒரே குரலாக இழுத்தார்கள். வியர்வையில் குளித்துவிட்டு எல்லோரும் ஒரே சட்டியில் கஞ்சி குடித்தோம்.

மறுநாள் புகை மெலிந்து வந்தது. கூரைக்கு மேலே அது வானத்தில் கரைவதை மச்சான் சின்னப் பிள்ளைபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். டீசல் பீப்பாய் காலியாக முன்பைவிடக் கூடுதல் நாள் எடுத்தது. ராத்தா பாயசம் காய்ச்சி அனுப்பினாள்.

அந்தச் சந்தோசம் அதிக நாள் நிற்கவில்லை. ஆமிக்கும் இயக்கத்துக்கும் இடையில் பிரச்சினை முற்றி ரோட்டை மூடினார்கள். டீசல் வண்டி வரவில்லை. மிச்சமிருந்த பீப்பாய்களை வைத்து, வெயில் ஏறுமுன் மட்டும் ஓட்டினோம். எஞ்சின் அவ்வளவு சிக்கனமாக அதற்கு முன் ஓடியதே இல்லை. பிறகு, கடலுக்குப் போகக் கூடாது என்று கட்டளை வந்தது. தோணிகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன.

"ஐஸ் இரிக்கி. மீன்தான் இல்ல," என்றார் மச்சான். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

கடைசியாக உறைந்த கட்டிகளை வாங்க யாரும் வரவில்லை. அவை வாசல் வடிகானில் உருகி ஓடின. அடுத்த கச்சானுக்குமுன் மச்சான் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனார்.

போகும்போது பஸ்ஸின் படியில் நின்று, "எஞ்சினைப் பாத்துக்க," என்றார்.

"ஓம் மச்சான். நீங்க யோசிக்காமப் போங்க."

கடல் உப்பில் எஞ்சின் இறுகிவிடக் கூடாது என்று, நாள்தோறும் போய் நெம்புகோலைப் போட்டுக் கையால் சுற்றிவிட்டேன். எண்ணெய் விட்டுத் துடைத்தேன். பிறகு கிழமைக்கு ஒருக்கால் ஆனது. ஊரில் அடக்கம் செய்யும் மையித்துகள் கூடின. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாங்களும் கரையைவிட்டு உள்ளே தள்ளியிருந்த ஊருக்கு இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்து நெம்புகோலைப் போட்டபோது எஞ்சின் அசையவில்லை. முழுப் பலத்தையும் கொடுத்தேன். பின்பு நெம்புகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எஞ்சின் இறுகிவிட்டதென்று ராத்தாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதுக்கு இப்ப என்ன," என்றாள்.