சாயத்தொட்டிக் கைகளோடு ஒரு மருத்துவ நூலகத்துக்கு

போன வாரம் ஒருவர் இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார்: டாக்டருக்குப் படிக்காதவர்கள் மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குள் போக முடியுமா, போனால் என்ன கிடைக்கும்? முடியும். ஐந்தாம் வகுப்போடு நின்ற நானே போய், உட்கார்ந்து, வேண்டியதை வாங்கிக்கொண்டு வந்தேன். நடந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதத்துப் புதன்கிழமை. நான் சொல்லும் கட்டணம் எல்லாம் அன்றைக்கு உள்ளது. அதை நம்பிப் பையில் காசு எடுத்துவைக்காதீர்கள்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் பட்டுக்குச் சாயம் போடுவதுதான் தொழில். கொதிக்கிற தொட்டியில் பட்டு நூல்கற்றையை, நாங்கள் சிட்டம் என்போம், முக்கி, புரட்டி, பிழிந்து எடுப்பது என் வேலை. அந்த வருஷம் விரல்களிலும் மணிக்கட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. தெரு முனை வைத்தியசாலையில் டாக்டர் ஊரில் இல்லை, கம்பவுண்டர் இருந்தார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அவர் சுடுதண்ணீர் டம்ளர் ஒன்றை என் விரல்மேல் ஒட்டி வைத்தார். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணினார். நான் கையை இழுக்கவில்லை. உடனே என் மாமியார் பக்கம் திரும்பி, "உணர்ச்சி இல்ல பாருங்க. இது பெருநோய்" என்றார். தொழுநோய்க்கு அவ்வளவுதான் பரிசோதனை.

அன்று மாலையே எனக்குத் தட்டு தனி, பாய் தனி. அதை விடுங்கள். என் மகள் கோமதிக்கு அப்போது மூன்று வயது. அவளை என் பக்கம் வரவிடவில்லை. பதினோரு நாள். வெள்ளிக்கிழமை என்னைத் தொழுநோயாளிகள் இல்லத்தில் கொண்டுபோய் விடுவது என்று மாமியார் முடிவு செய்தார். என் வீட்டுக்காரர் அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மாவின் மருமகன் சுப்பராயுடு மதராசில் புத்தகம் பைண்டு செய்கிறவர். மருத்துவக் கல்லூரி நூலகத்துக்கு வெளிநாட்டிலிருந்து மாசாமாசம் வரும் பத்திரிகைகளை வருஷவாரியாகச் சேர்த்துத் தைத்து அட்டை போடுவது அவர் வேலை. ஆடிக்கு மாமியார் வீடு வந்தவர் விஷயம் கேள்விப்பட்டு, வாசலில் நின்றபடியே சொன்னார்.

"அக்கா, நான் தைக்கிற புஸ்தகத்துல தோல் வியாதிக்குன்னே ஒரு அலமாரி இருக்குது. எல்லாம் படத்தோட. ஒரு கம்பவுண்டர் சொன்னான்னு போயிடுவியா? நாளைக்கு நான் வேலைக்குத் திரும்புறேன். புதன்கிழமை நீ வா. அங்க ஒரு அம்மா இருக்காங்க, தேடித் தருவாங்க."

காலை 5.40 பேருந்து. மதராசுக்கு ஏறக்குறைய நாற்பத்தேழு மைல், ஆளுக்கு இரண்டு ரூபாய் முப்பது காசு. என் வீட்டுக்காரரும் வந்தார். வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், என் பக்கத்தில் உட்காரவில்லை. ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தார். நான் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். நடத்துனர் சீட்டு நீட்டியபோதும் எடுக்கவில்லை.

"கை இல்லையாம்மா உனக்கு?" என்றார் நடத்துனர்.

"அவருகிட்ட குடுங்க. அவருக்கு ரெண்டு இருக்குது" என்றேன்.

ஸ்ரீபெரும்புதூரில் பத்து நிமிஷம் நின்றது. டீ இருபது காசு. பூந்தமல்லி தாண்டியதும் நெரிசல். பிராட்வே நிலையத்தில் இறங்கியபோது மணி 8.25. அங்கிருந்து கல்லூரிக்கு ஒரு மைல் நடை. ரிக்‌ஷாக்காரர் ஒரு ரூபாய் கேட்டார், நடந்தோம். இருபத்தைந்து நிமிஷத்துக்குமேல் ஆகாது. வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள்.

நூலகம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். வாசல் காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி அந்தாண்டம்மா. இங்க புஸ்தகம்தான்."

"புஸ்தகத்துக்குத்தாம்பா வந்தோம்."

அவர் சிரிப்பதற்குள் சுப்பராயுடு கோந்து படிந்த கையோடு வந்து உள்ளே கூட்டிப்போனார். நுழைந்ததும் ஒரு பெரிய பதிவேடு இருக்கும். பெயர், ஊர், எதற்காக வந்தீர்கள் என்று எழுத வேண்டும். என் வீட்டுக்காரர் மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டார். நான் பென்சிலை வாங்கி, 'என் கை' என்று எழுதினேன்.

நீளமான மேசைகள், உயரமான ஜன்னல்கள். மாணவர்கள் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் ஓரம் சின்னச் சின்ன இழுப்பறைகள், எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடை மாதிரி. உள்ளே மருந்துக்குப் பதில் அட்டைகள். நோயின் பெயரில் ஓர் அட்டை, எழுதியவர் பெயரில் ஓர் அட்டை. எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று அதில் இருக்கும்.

நடுவில் இருந்த மேசையில் நூலகர் அம்மா. நாற்பது வயது இருக்கும், கஞ்சி போட்ட பருத்திப் புடவை. நாற்காலியைக் காட்டினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பதினோரு நாளாக எந்த வீட்டு நாற்காலியும் எனக்கு இல்லை.

"உட்காருங்கம்மா. நின்னுக்கிட்டு சொன்னா எனக்கு எழுத வராது."

உட்கார்ந்தேன். அவர் முதலிலேயே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார்: "நாங்க வைத்தியம் சொல்ல மாட்டோம். எழுதி வச்சிருக்கிறதைத் தேடித் தருவோம். அதுக்குக் கேள்வி சரியா இருக்கணும். சொல்லுங்க, கம்பவுண்டர் என்ன பண்ணினார்?"

டம்ளர் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு தாளில் குறித்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"டம்ளர் வச்சப்போ சுட்டுச்சா, சுடலையா?"

"சுட்டுச்சு."

என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"பின்ன ஏன் கையை எடுக்கல?"

என்ன கேள்வி இது என்று எனக்குத் தோன்றியது. "கையை எடுத்தா சிட்டம் தொட்டியில உழுந்துடும்மா. உழுந்தா அந்த இடத்துல சாயம் திட்டுத்திட்டா பிடிக்கும். கல்யாணமாகி வந்த அன்னிக்கே எங்க அத்தை சொல்லிட்டாங்க, சாயக்காரன் வீட்டுப் பொண்ணு சூடு தாங்கலன்னு கையை உதறக் கூடாதுன்னு. ஏழு வருஷமா உதறினதில்ல."

"கம்பவுண்டர்கிட்ட சுடுதுன்னு சொல்லலையா?"

"அவரு கேக்கல."

நூலகர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க கேட்டீங்களா?" அவர் தரையைப் பார்த்தார். அந்தத் தரையில் என்ன இருந்தது என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

பிறகு அந்த அம்மா இழுப்பறை இழுப்பறையாகத் தேடினார். நான்கு புத்தகங்களும் பைண்டு செய்த இரண்டு பத்திரிகைத் தொகுதிகளும் வந்தன. ஒன்று ஜெர்மன் பாஷை. அதைத் தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதித் தர ஒருவர் இருக்கிறார், ஆனால் வாரம் ஒருநாள்தான் வருவார் என்றார். பக்கங்களைப் போட்டோ எடுத்துத் தருவார்கள், இரண்டு நாள் ஆகும். எனக்கு இரண்டு நாள் இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். வெள்ளிக்கிழமையைப் பற்றியும் கோமதியைப் பற்றியும் சொன்னேன்.  அவர் தட்டச்சு இயந்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அடிக்கும் முன் தமிழில் படித்துக் காட்டினார். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தை நோயாளியையே காட்டச் சொல்ல வேண்டும். கையை இழுக்கிறாரா என்று பார்ப்பது போதாது. இன்னொன்றில், சாயப்பட்டறை ஆட்களுக்கு அங்கே புழங்கும் மருந்துகளால் தோல் வெந்து நிறம் போகும் என்று இருந்தது. கையின் படம்கூட இருந்தது. யாரோ வெளிநாட்டுக்காரர் கை. என் கை மாதிரியே.

ஒன்றரைப் பக்கம் அடித்து, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று அடியில் போட்டு, நூலக முத்திரை குத்திக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. தோல் பிரிவில் எந்த அறை என்றும் எழுதிக் கொடுத்தார். "இதை டாக்டர்கிட்ட காட்டுங்க. முடிவு அவர் சொல்லணும்."

அடுத்த கட்டிடம்தான் ஆஸ்பத்திரி. 11.15க்குச் சீட்டு வாங்கி, 12.40க்கு உள்ளே போனோம். டாக்டர் இளவயது. தாளைப் படித்தார், சிரித்துக்கொண்டே, "எங்க லைப்ரரியே கேஸ் எழுதி அனுப்புதா?" என்றார். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சு தொட்ட இடத்தை எல்லாம் தொட்டுக் காட்டினேன். தொடாத இடத்தைக் காட்டவில்லை. ஊசி முனை, குளிர்ந்த கண்ணாடிக்குழாய், சுடுகிற குழாய், எல்லாம் ஆயிற்று. காது மடலில் சுரண்டி எடுத்துப் பார்க்க மூன்று மணிவரை உட்காரச் சொன்னார்கள்.

3.20க்கு முடிவு வந்தது. பெருநோய் இல்லை. சாய மருந்தால் வந்த தோல் புண். களிம்பு தடவ வேண்டும், தொட்டியில் ரப்பர் உறை போட்டுக்கொண்டுதான் கை விட வேண்டும். டாக்டர் தன் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நூலகர் அம்மாவின் தாளை மட்டும் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். கேட்டு வாங்க எனக்குத் தோன்றவில்லை. அதுதான் அன்று நான் செய்த தவறு.

4.30 பேருந்து. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீடு சேரும்போது ஏழே கால். கோமதி என் மாமியாரின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரர் டாக்டர் சீட்டைப் படித்துக் காட்டினார்.

"ஒரு பொட்டு காயிதத்துல இன்னா பெருசா எழுதிடுவான்? இன்னொரு தபா படி" என்றார் மாமியார்.

படித்தார். மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னார். நான் கைகளை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். கோமதி என்னைப் பார்த்தாள், பிறகு வரலாமா என்று பாட்டி முகத்தைப் பார்த்தாள். பெற்ற பிள்ளை என்னிடம் வர இன்னொருத்தி முகத்தைப் பார்த்தது. மூன்றாம் தடவை படித்து முடித்தபிறகு, "சரி, போ" என்றார் மாமியார். கோமதி வந்தாள். அவள் இப்போது பாட்டியாகிவிட்டாள், அந்த நாள் எதுவும் அவளுக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது, போதும்.

போகிறவர்களுக்கு: காலையில் திறந்த உடனே போங்கள், பத்தரைக்குமேல் மாணவர் கூட்டம். வெளியாளுக்குப் புத்தகம் வீட்டுக்குத் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம். நேரில் போக முடியாதவர்கள் தபாலில் கேள்வி எழுதினாலும் அந்தக் காலத்திலேயே பதில் போட்டார்கள், இப்போது எப்படி என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் தெரியவில்லை என்று கூச்சப்பட வேண்டாம். நோயின் பெயரைச் சொல்வதைவிட, என்ன வேலை செய்கிறீர்கள், அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எதையும் படித்துவிட்டு நீங்களே மருந்து வாங்கிவிடாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

எழுதித் தருவதை இரண்டு படியாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்று டாக்டருக்கு, ஒன்று வீட்டில் இருப்பவர்களுக்கு. டாக்டருக்கு ஒருமுறை படித்தால் போதும்.