புகைந்த கோடு

கோல் கோட்டிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மழை விட்ட மைதானம், கணுக்கால் அளவு சகதி, அதன் குறுக்கே வெள்ளை வெளேரென்று ஒரு கோடு, கோட்டின்மேல் உலை கொதிக்கிற மாதிரி மெல்லிய புகை. சுற்றி நின்ற சனங்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஆரியசாலைக்காரனுக்குக் கோடுகூடக் கொதிக்குதுடே!" என்று ஒருவன் கத்தினான். நாங்களும்தான் சிரித்தோம். கோல் மரங்களுக்கு நடுவில் நின்ற என் அத்தான், அந்தக் கோட்டைக் கால் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடா இருக்கு மாப்ளே. இந்தக் குளிருக்கு நல்லதுதான்" என்றார். அத்தான் வாய் ஓயாமல் தமாஷ் பேசுகிறவர். அவர் பேசியதில் எனக்கு மறக்காமல் நிற்பது இது ஒன்றுதான். மறந்து தொலைந்தால் தேவலை.

அத்தான் என்றால் என் அக்காளைக் கட்டியவர். நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்து திருவனந்தபுரத்தில் தங்கிவிட்ட குடும்பம். ஆரியசாலையில் ஒரு சுண்ணாம்பு மொத்தக் கடையில் அவர் சரக்குப் பார்த்தார், நான் கணக்கு எழுதினேன். ஃபுட்பால் கிளப் என்றதும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆபீஸ், போர்டு, பூட்ஸ் என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். எங்கள் கிளப் கடை அடைத்தபிறகு தெருவில் பிறந்தது. சாக்குக்குள் கயிற்றுத் தும்பைத் திணித்து உதைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அது பறந்து போய்க் கடை முதலாளியின் வெற்றிலைத் தட்டில் விழுந்தது. வேலை போச்சு என்று எல்லோரும் நடுங்கி நின்றோம். அந்த மனுஷனோ மறுவாரம் தோல் பந்து ஒன்று வாங்கிவந்து, "உதைக்கதுன்னா ஒழுங்கா உதையுங்கலே, ஊர் பாக்கட்டும்" என்று தூக்கிப் போட்டார். அப்படி அவரே பிரசிடெண்டும் ஆனார். மூட்டை தூக்குகிறவர்கள், வெல்லம் நிறுக்கிறவர்கள், என்னைப்போலப் பேனா பிடிக்கிறவர்கள், எல்லோரும் வெறுங்கால். சில வருஷத்திலேயே மேட்ச் நாளில் ஆரியசாலையில் பாதிக் கடை மத்தியானத்தோடு அடைபடும் அளவுக்கு டீம் பேர் எடுத்துவிட்டது.

மேட்சுக்கு முன்னால் பழவங்காடி பிள்ளையாருக்கு ஆளுக்கொரு தேங்காய் விடலை போடுவோம். மாட்டுத்தோல் பந்தைச் சந்நிதிப் பக்கம் கொண்டுபோகக் கூடாதல்லவா, அதனால் ஒருவர் சாலைக்கு எதிர்ப்புறம் பந்தை வைத்துக்கொண்டு நிற்கவேண்டும். எப்போதும் அத்தான்தான் நிற்பார். "பிள்ளையாருக்கு என்னைத் தூரத்திலேர்ந்தே தெரியும்லே" என்பார். அவருடைய தேங்காயையும் நான்தான் சேர்த்துப் போடுவேன். கோடு புகைந்த அந்த நாளிலும் போட்டேன். தூள்தூளாகச் சிதறியது, நல்ல சகுனம் என்றார்கள். சகுனம் பார்க்கிறவர்களிடம் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவதற்கு அதுதான் காரணம்.

சுண்ணாம்புக் கடையில் வேலைக்குச் சேருகிறவனுக்கு முதல் நாளே ஒரு பாடம் உண்டு. சுட்ட சிப்பிக்குத் தண்ணீரைக் காட்டாதே. தண்ணீர் பட்டால் அது சீறும், வெடிக்கும், கொதித்து மாவாகும். நீற்றுவது என்றால் அதுதான். நீறி ஆறினால் ஆபத்து குறைவு; நீறாத சரக்கு நெருப்பு. மேலே பட்டுவிட்டால் தட்டிவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுவோம், கழுவவே மாட்டோம். கழுவி வெந்துபோனவர்களைப் பற்றிய கதைகள் கடையில் எத்தனையோ உண்டு. அத்தான் அந்தப் பாடத்தைக் கரைத்துக் குடித்தவர். மைதானத்துக்குக் கோடு போடுகிற சுண்ணாம்பையும் முந்தின நாளே நீற்றி, ஆறவைத்து, கரைத்துத்தான் எடுத்துப்போவார்.

யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்திய இடவப்பாதி மழைக்காலம் அது. கப்புக்கான கடைசி ஆட்டம். எதிரணி போனக்காடு எஸ்டேட்காரர்கள், மலையிறங்கி வந்த நம் தமிழாட்கள். அக்கா அப்போது மாசமாக இருந்தாள். காலையில் வாசலில் வந்து மறித்தாள். "மானம் கறுத்துக் கெடக்க கெடப்பைப் பாத்தீளா? இன்னைக்கு ஒரு நாள் போகாண்டாம். வயித்துப் பிள்ளைக்காரி சொல்லுதேன், கேளுங்க." அத்தான் சிரித்துக்கொண்டே, "கப்பைக் கொண்டாந்து தொட்டில்ல போடுதேன், உன் பிள்ளை அதுல பால் குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அக்கா சிரிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஒரு மழை கொட்டித் தீர்த்தது. போட்டிருந்த கோடெல்லாம் கரைந்து போய்விட்டது. ரெஃபரி மலையாளத்துக்காரர், கறாரான ஆள். "லைன் இல்லாதெ களி நடக்கில்ல கேட்டோ" என்று கையை விரித்தார், கோடு இல்லாமல் ஆட்டம் கிடையாதாம். நீற்றிய சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. முதலாளி கடைக்கு ஆளனுப்பி, கூடையின் அடியில் கிடந்த சுட்ட சிப்பிப் பொடியை வாரிக்கொண்டுவரச் செய்தார். கூடையைப் பார்த்ததும் அத்தானுக்கு முகம் மாறியது. "நீத்தாத சரக்குல்லா முதலாளி இது?" என்றார். "அந்தச் சகதியிலே தானா நீறிக்கிடும்வே. இதைச் சொல்லிக் கப்பை எஸ்டேட்காரனுக்குத் தூக்கிக் குடுக்கவா சொல்லுதீரு?" என்றார் முதலாளி. முதலாளி சொன்னபிறகு மேலே பேசுவதற்கு ஏது? கோடு விழுந்தது. புகைய ஆரம்பித்தது.

நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். முடிகிற நேரத்தில் போனக்காட்டு ஃபார்வர்டு ஒருவன் என்னைத் தாண்டிப் போய்த் தரையோடு ஒரு அடி அடித்தான். அத்தான் பக்கவாட்டில் பாய்ந்தார். பந்து கோட்டிலேயே பட்டு, அங்கே கிடந்த வெள்ளைச் சேற்றை அள்ளிக்கொண்டு அவர் முகத்தில் மோதியது. விழுந்தவர் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டார். விசில் ஊதியது. ஜெயித்துவிட்டோம். சனங்கள் உள்ளே பாய்ந்து குதித்தார்கள். அத்தான் எழுந்திருக்கவில்லை. அந்தக் கூச்சலில் அவருடைய கூச்சல் எங்களுக்குக் கேட்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்தவன் எதிரணி கோல்கீப்பர். மைதான ஓரத்துக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "கண்ணைக் கழுவுங்க! சீக்கிரம் கழுவுங்க! எஸ்டேட்டுல இப்படித்தான் செய்வாங்க!" என்று கத்திக்கொண்டே வந்தான். தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தான் துடித்துப்போனார். "தண்ணி வேண்டாம்! ஊத்த விடாதீங்கலே! வெந்து போகும்!" என்று அலறினார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சுண்ணாம்புக் கடைச் சம்பந்தம் உள்ளவர்கள்தானே? பத்துக் கை நீண்டு குடத்தைத் தடுத்தது. அவன் கெஞ்சினான். கடைசியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். நாங்கள் விளக்கெண்ணெய் தேடி வந்து, கண்ணில் விட்டு, துணியால் கட்டி, வண்டியில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, அங்கே தண்ணீரே கிடைக்கவில்லையா என்பதுதான். அக்காளும் நானும் நின்றுகொண்டிருந்தோம். துளித் தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு சுடும் என்பது வாஸ்தவம், ஆனால் ஒரு குடமாவது உடனே ஊற்றியிருந்தால் அத்தனையையும் அடித்துக்கொண்டு போயிருக்கும், பார்வை தப்பியிருக்கும் என்றார் அவர். இரண்டு கண்ணும் போய்விட்டது. அக்கா வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையைப் பிடித்து, "இதை அவருட்ட மூச்சு விடப்பிடாது. கண்ணு போனதை மனுஷன் தாங்கிக்கிடுவாரு. தானே போக்கிக்கிட்டோம்னு தெரிஞ்சா தாங்கமாட்டாரு" என்றாள். நானும் சரி என்றேன்.

பெண் பிறந்தாள். அவள் முகத்தை அத்தான் தடவித்தான் தெரிந்துகொண்டார். கப்பும் வந்தது, அதை அக்கா தொட்டில் பக்கமே அண்டவிடவில்லை. கிளப்புக்கோ ஏறுமுகம். அத்தான் பேர் அதற்கு ஒரு மகிமை ஆகிவிட்டது. கண்ணைக் கொடுத்துக் கோலைக் காத்தவர் என்று சொல்லி, புதிதாகச் சேருகிற பையன்களை அவரிடம் அழைத்துவருவார்கள். அவர் பந்து உதைக்கும் சத்தத்தை வைத்தே தப்புச் சொல்லுவார். கடைசியில் தவறாமல் ஒன்று சொல்லுவார்: "சுண்ணாம்பு கண்ணுல பட்டா ஒருத்தனும் தண்ணி ஊத்தப்பிடாது. அன்னைக்கு என் ஆளுக தடுத்தாங்க, கண்ணோட போச்சு. இல்லேன்னா மூஞ்சியே வெந்திருக்கும்." பையன்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அக்கா அடுக்களையில் பாத்திரத்தை ஓங்கி வைப்பாள். ஒரு நாள் இது யார் தலையிலாவது விடியும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மேட்சுக்கு மேட்ச் கோடு போடாமல் இருக்கமுடியுமா? அந்தச் சுண்ணாம்பை அத்தான் தன் வீட்டு முற்றத்திலேயே, தன் காது கேட்கத்தான் நீற்றவேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார். சீறும் சத்தம் அடங்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

பெண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம். வெளியூர் மேட்சுக்குப் புறப்பட்ட டீம் ஆட்கள் சட்டையெல்லாம் போட்டு முற்றத்தில் நின்றார்கள். அடுத்த ஆட்டத்துக்கான சுண்ணாம்பு தொட்டியில் நீறிக்கொண்டிருந்தது. அருகில் போகாதே என்று சொல்லியும் கேளாமல் குழந்தை எட்டிப்பார்த்தாள். உள்ளே ஒரு கட்டி வெடித்தது. அவள் அலறிக்கொண்டு முகத்தைப் பொத்தினாள்.

"கண்ணிலயா? மோளே, கண்ணிலயா?" என்று அத்தான் எழுந்து தடுமாறினார். உடனே அவருடைய பழைய குரல் வந்தது. "தண்ணி ஊத்தாதீங்கலே! ஒருத்தனும் ஊத்தப்பிடாது! எண்ணெய் கொண்டா!" டீம் முழுக்க அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. குழந்தையைச் சுற்றி வளைத்து நின்றார்கள். ஒருவன் எண்ணெய்க்கு ஓடினான். குடத்தோடு கிணற்றடியிலிருந்து வந்த அக்காளை இரண்டு பேர் கையை விரித்து மறித்தார்கள். "அண்ணாச்சி சொல்லுதாருல்லா, வேண்டாம் மதினி" என்றான் ஒருவன். அவ்வளவு மரியாதையாகச் சொன்னான், பாவி.

அக்கா அவனைத் தோளால் இடித்துத் தள்ளினாள். "மாறுலே! உங்க அண்ணாச்சியும் வேண்டாம், கிளப்பும் வேண்டாம்!" குழந்தையைக் கீழே கிடத்தி, இமையை விரலால் விரித்து, குடத்தைச் சாய்த்தாள். நானும் வாளியோடு ஓடினேன். ஊற்ற ஊற்ற அத்தான், "கொல்லுதியேடி, பிள்ளையைக் கொல்லுதியே" என்று கதறினார். நாங்கள் நிறுத்தவில்லை. முற்றமெல்லாம் வெள்ளையாக ஓடியது. குழந்தையின் அலறல் அழுகையாகி, அழுகை விக்கலாகி அடங்கியது. கண் சிவந்து கிடந்தது. ஆனால் திறந்தாள், அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, சேலையெல்லாம் நனைஞ்சு போச்சே" என்றாள்.

அத்தான் அதைக் கேட்டார். அவர் மெதுவாகத் தடவிவந்து மகள் முகத்தைத் தொட்டார். வேகவில்லை. கன்னத்தையும் நெற்றியையும் திரும்பத் திரும்பத் தடவினார். பிறகு என் பக்கமாகத் திரும்பினார்.

"மாப்ளே, அன்னைக்கு அந்தப் போனக்காட்டுக்காரன் எவ்வளவு தண்ணி கொண்டுவந்தான்?"

"ஒரு குடம் அத்தான்."

"என் கண்ணைக் காப்பாத்த அது போதுமாயிருந்திருக்கும், அல்லே?"

நான் அக்காளைப் பார்த்தேன். அவள் ஈரச்சேலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள், தடுக்கவில்லை. "ஆமா அத்தான்" என்றேன்.

டீம் ஆட்கள் போகவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் நின்றார்கள். அத்தான் அவர்கள் பக்கமாகத் தலையைத் தூக்கினார்.

"நான் இதுவரைக்கும் எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லிக்குடுத்தேன்? ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போங்கலே. நான் சொன்னது தப்புன்னு சொல்லுங்க. மேட்ச் கெடக்கட்டும்."