மலர்க்கொடி அறுத்த வயல்

ஆதனக்குடி மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மலர்க்கொடி தவறியதே இல்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்து சொல்லும் செபத்தில், தீங்கு செய்தவர்களை மன்னிப்பதாகச் சொல்லும் வரி வரும்போது மட்டும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் அது தெரியும். கூட்டம் கலைந்த பிறகு பீடத்துக்கு எதிரே முழங்காலிட்டுத் தன் சொந்தச் செபத்தைச் சொல்வாள்.

"ஆண்டவரே, ரெங்கசாமி சாகக் கூடாது. உசுரோட இருந்து, எல்லாம் கைவிட்டுப் போறதை அவன் கண்ணால பாக்கணும்."

குத்தாலத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில் ரெங்கசாமியின் வயலை ஒட்டி அவள் கணவன் அறிவுச்செல்வன் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டிருந்தான். எலிக்காக ரெங்கசாமி வரப்போரம் வெறுங்கம்பியை இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து திருட்டு மின்சாரம் கொடுத்திருந்தான். விடிகாலையில் தண்ணீர் பார்க்கப் போன அறிவுச்செல்வன் அந்தக் கம்பியில் கால் பட்டு அங்கேயே செத்தான். ரெங்கசாமி கம்பியைச் சுருட்டி மறைத்துவிட்டு, வேலையாள் நல்லக்கண்ணுவை விட்டு உடலை இழுத்துப்போய் வாய்க்காலில் போடச் செய்தான். வலிப்பு வந்து விழுந்துவிட்டான் என்று ஊரைக் கூட்டிச் சொன்னான். அவன் மனைவி நாகம்மாளும் போலீசிடம், "விழுந்ததை நான் பாத்தேன்" என்றாள்.

உடலைக் குளிப்பாட்டியபோது கணுக்காலைச் சுற்றிக் கருகிய கோடு ஒன்றை மலர்க்கொடி பார்த்தாள். அழுகை அந்த நொடியில் நின்றது.

"பெட்டியை மூடாதீங்க" என்றாள். "இது வலிப்பு இல்ல. கொலை."

பிரேதப் பரிசோதனை செய்யும்வரை அடக்கம் கிடையாது என்று பெட்டியோடு ரோட்டில் உட்கார்ந்தாள். சமாதானம் பேச வந்தவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. மின்சாரம் தாக்கித்தான் சாவு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஆனால் உடலை நகர்த்தியது யார் என்று சொல்ல ஊரில் ஒரு வாயும் திறக்கவில்லை.

மலர்க்கொடி நடவுக்கும் அறுப்புக்கும் போகும் பெண்கள் குழுவுக்குத் தலைவி. தெருப் பெண்கள் எல்லோரும் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். "ரெங்கசாமி வயல்ல நம்ம கால் படக் கூடாது" என்றாள். படவில்லை. நல்லக்கண்ணுவை அவள் வேறு விதமாக வளைத்தாள். காலையில் அவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே போய் நிற்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவான். மறுநாளும் நிற்பாள். மழைக்காலம் போய்க் கோடை வந்தது. ஒருநாள் அவன் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்னை விட்டுடு தாயி, சொல்லிடுறேன்" என்று அழுதான். மாஜிஸ்திரேட் முன்னால் எல்லாவற்றையும் சொன்னான். ரெங்கசாமியைப் போலீஸ் கைது செய்தது.

ஜாமீனில் வெளியே வந்த ரெங்கசாமி ஆள் வைத்து நல்லக்கண்ணுவை அடித்தான். ஜாமீன் ரத்தாகித் திருச்சி ஜெயிலுக்குப் போனான். அன்று மலர்க்கொடி மெழுகுவத்தி ஏற்றினாள். சிங்கப்பூரில் இருந்த அவன் மகன் தகப்பனை எட்டிப்பார்க்கவில்லை என்று கேள்விப்பட்டபோது இன்னொன்று ஏற்றினாள்.

அந்த மாசியில் பருவம் தப்பிய மழை கொட்டியது. அறுப்புக்கு நின்ற தாளடி தரையோடு படுத்தது. ரெங்கசாமி வயலில் இறங்கிய அறுப்பு வண்டி சேற்றில் புதைந்து, அதை வெளியே இழுப்பதே பெரும்பாடாகிவிட்டது. அடுத்த வண்டி வர மறுத்தது. கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிடத் தொடங்கியதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். அது தவக்காலம். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும், அந்த அழிவைக் கண்ணாரப் பார்க்க மலர்க்கொடி வரப்பு வழியாகப் போனாள்.

வயல் நடுவில் நாகம்மாள் நரைத்த தலையோடு தனியாக நின்றிருந்தாள். முழங்கால் அளவு சேறு. அறுப்பு அறுத்துப் பழக்கமில்லாத கை. கதிரைப் பிடிக்கும் விதமே தப்பு. இடது கையில் சேலைக் கிழிசலைச் சுற்றியிருந்தாள். அது சிவப்பாக ஊறியிருந்தது. மலர்க்கொடிக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தாள்.

நாகம்மாள் நிமிர்ந்தாள். "பாக்க வந்தியா மலரு? நல்லாப் பாரு."

"பொய் சொன்ன வாயி இன்னும் பேசுது."

"ஆமா, பொய்தான். தெரிஞ்சேதான் சொன்னேன்." நாகம்மாள் மறுபடி குனிந்தாள். அரிவாள் வழுக்கியது. சேற்றில் குப்புற விழுந்தாள். எழ முயன்று மறுபடி விழுந்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

போய்விடலாம் என்று மலர்க்கொடி திரும்பினாள். கால் நகரவில்லை. சற்று முன் கோயிலில் அவளே வாசித்த இடம் நெஞ்சில் வந்து நின்றது. வயலிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மனுஷனைப் பிடித்து இழுத்து, இயேசுவின் சிலுவையைத் தூக்க வைத்த இடம். அவனாக ஆசைப்பட்டுத் தூக்கவில்லை. தன் பிடரியிலும் ஒரு கை விழுந்ததுபோல அவளுக்கு இருந்தது.

"ஏன் ஆண்டவரே என்னை இழுக்கிறீர்?" என்று பல்லைக் கடித்தாள். "உமக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அந்தக் கோபத்தோடுதான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். நாகம்மாளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வரப்பில் உட்கார வைத்தாள். முந்தானையால் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். கிழவியின் உடம்பு குளிரில் வெடவெடத்தது. எத்தனை நாளாகச் சாப்பிடவில்லையோ, காற்றுபோல லேசாக இருந்தாள்.

"ஏன்டி?" என்றாள் நாகம்மாள்.

"கேக்காதீங்க. எனக்கே தெரியல."

மலர்க்கொடி தெருவுக்கு வந்து குழுப் பெண்களை அந்த வயல் அறுப்புக்குக் கூப்பிட்டாள். அவளுக்கு அடுத்தபடியாகக் குழுவை நடத்தும் செந்தாமரை கத்தினாள். "புத்தி கெட்டுப்போச்சாக்கா உனக்கு? அண்ணனைக் கொன்னவன் வயலு அது!"

"தெரியும்டி."

"மன்னிச்சுட்டியா?"

"இல்ல. உன்னையும் மன்னிச்சுட்டு வரச் சொல்லல. கோவத்தோடயே வா. அரிவாளை மட்டும் எடுத்துக்க."

பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். படுத்த கதிரைத் தூக்கித் தூக்கி அறுத்து, முளைக்காத நெல்லைக் கரையேற்றினார்கள். பிழைத்தது கொஞ்சம்தான். நாகம்மாள் தன் வீட்டுத் தம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். அந்த வீட்டுத் தம்ளர் அதுவரை அந்தத் தெருக்காரர்கள் கையில் வந்ததில்லை. செந்தாமரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மலர்க்கொடி வாங்கிக் குடித்தாள்.

வெயில் காலத்தில் மயிலாடுதுறைக் கோர்ட்டில் சாட்சி சொல்லும் முறை வந்தது. மலர்க்கொடி இளகிவிட்டாள் என்று ரெங்கசாமியின் வக்கீல் நம்பினார். அவள் கூண்டில் ஏறி, கணுக்காலில் இருந்த கோடு முதல் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. அவளுக்குப் பிறகு நாகம்மாள் ஏறி, முன்பு போலீசிடம் சொன்னது பொய் என்றாள். அப்படிச் சொல்லும்படி யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

வராந்தாவில் போலீஸ்காரர்களுக்கு நடுவே வந்த ரெங்கசாமி மலர்க்கொடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "நெல்லைக் காப்பாத்திக் குடுத்தியாமே, மலரு..."

"அறுத்ததும் நான்தான். உங்களை உள்ள வச்சதும் நான்தான்" என்றாள் மலர்க்கொடி. "ரெண்டுக்கும் நடுவுல நீங்க ஒண்ணும் பேசாதீங்க."

ரெங்கசாமிக்குத் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு வந்த அன்று அவள் எதிர்பார்த்த ஆனந்தம் வரவில்லை. அறிவுச்செல்வன் கல்லறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

கார்த்திகை மழையில் நாகம்மாளுக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டியபோது, மலர்க்கொடிதான் அவளைப் பஸ்ஸில் ஏற்றிக் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கிழவி அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்து, "அம்மாவா?" என்று கேட்டாள்.

"இல்லங்க" என்றாள் மலர்க்கொடி. "கேஸ்ல எதிர்க்கட்சி."

அந்தப் பெண் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள். மலர்க்கொடி சிரிக்கவில்லை. சாரல் அடித்த ஜன்னலை ஒரு கையால் இழுத்து மூடினாள்.